பழைய மர அலமாரிக்குப் புது வர்ணம்: மேலெழும் கறையை அடியிலேயே நிறுத்துவோம்

ஆயுத பூசைக்குப் பத்து நாள் இருக்கிறது என்றால் நம் கடைகளில் தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும். சரக்குகளை இறக்கித் தட்டி வைப்போம், தராசைத் துடைப்போம், கல்லாப்பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் இடும் முன் சுவருக்கு ஒரு கை வெள்ளையும், மர அலமாரிக்கு ஒரு கை பெயிண்டும் அடித்துவிடுவோம். பூசை அன்று கடை பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் அந்த வெள்ளையில் மஞ்சளாகவோ, பழுப்பாகவோ, இளஞ்சிவப்பாகவோ திட்டுத் திட்டாகக் கறை எழுந்து நிற்கும். ஆணி அடித்த இடங்களில் கரும்புள்ளி தெரியும். பெயிண்டரைக் கூப்பிட்டால், “இன்னொரு கை அடித்தால் சரியாகிவிடும்” என்பார். அடிப்போம். பொங்கலுக்குள் அதே இடத்தில் அதே கறை மீண்டும் எழும்.

இரண்டு கை அடித்தாலும், நான்கு கை அடித்தாலும் அந்தக் கறை போகாது. ஏனென்றால் அது பெயிண்டின் குறையன்று. மரத்துக்குள் இருந்து வருவது. மேலே பூசும் பூச்சு அதை மறைப்பதில்லை. பல வேளைகளில் அதுவே கறையைக் கரைத்து மேலே இழுத்து வருகிறது. ஒவ்வொரு கைக்கும் டப்பா விலை ஒரு பங்கு என்றால் கூலி அதற்கும் மேல். அத்துடன், கடையை ஒதுக்கி வைத்து வியாபாரம் இழந்த நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் உண்டு. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது பறக்கும் தூசி, நாம் விற்கும் ரவையிலும் பருப்பிலும் விழுந்தால் வருவது வெறும் அழகுக் குறையன்று. ஆகவே, புருசைக் கையில் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

நம் கடைகளின் மரமும் ஈரமும்

மயிலாப்பூர் மாட வீதிகளிலும், கச்சேரி சாலையிலும் தலைமுறை தாண்டிய கடைகள் இன்றும் நடக்கின்றன. நாட்டு மருந்துக்குப் பெயர் பெற்ற டப்பா செட்டி கடை போன்றவற்றுக்கு நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வயது. இத்தகைய பழைய கடைகளிலும், அவற்றை ஒட்டிய பழைய வீடுகளிலும் இழுப்பறை வைத்த அலமாரிகள், கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்கள், சாய்வு மேசைகள் ஆகியவை பெரும்பாலும் தேக்கிலோ, பலாவிலோ, வேங்கையிலோ, ஈட்டியிலோ செய்யப்பட்டவை. பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து இறங்கிய காலத்துப் பொருள்களும் அவற்றில் உண்டு. பிற்காலத்தில் இடம் போதாமல் செய்த தட்டுகளோ, வந்த சரக்கின் கள்ளிப்பெட்டிப் பலகையை உடைத்து அடித்தவையாக இருக்கும். ஒரே அலமாரியில் மூன்று வகை மரம் இருப்பது நமக்குப் புதிதல்ல.

இதனுடன் நம் ஊர் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. தியாகராய நகரோ, 1920-களில் தொடங்கி ஏரி நிலத்தைத் தூர்த்து எழுப்பிய பகுதி. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது அடையாறு, கோட்டூர்புரம், மேற்கு மாம்பலம் ஆகிய பகுதிகளில் வீடுகளிலும் கடைகளிலும் தண்ணீர் புகுந்தது. 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் தேங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அந்த வெள்ளங்களில் கால் நனைந்த அலமாரிகள் இன்றும் பல கடைகளில் நிற்கின்றன. மரம் நீரைக் குடித்து, பிறகு காயும்போது, உள்ளே கிடக்கும் சாயச் சத்து நீரோடு நகர்ந்து மேல்பரப்புக்கு வந்து தங்கிவிடும். அடிப்பலகையில் அலை அலையாகத் தெரியும் பழுப்புக் கோடுகள் அப்படி வந்தவைதாம்.

கறை எத்தனை வகை?

எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து இல்லை. வகை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, மரத்தின் துவர்ப்புச் சத்து. வேங்கை மரக் குவளையில் நீர் ஊற்றி வைத்தால் நீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்போம். பலா மரச் செதிலைக் காய்ச்சி எடுத்த மஞ்சள் சாயத்தில்தான் ஒரு காலத்தில் புத்த பிக்குகளின் ஆடையைத் தோய்த்தார்கள். தேக்கிலும் ஈட்டியிலும் இப்படி நிறம் விடும் பொருள்கள் உண்டு. தண்ணீரில் கலக்கும் பெயிண்டை நேராக இந்த மரங்களின் மேல் அடித்தால், அந்தத் தண்ணீரே சாயத்தைக் கரைத்து மேலே கொண்டுவந்து விடும்.

இரண்டாவது, ஆணிக் கறை. இதன் சூத்திரம் நம் கடையிலேயே இருக்கிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை செய்தார்கள். கடுக்காயில் இருப்பது துவர்ப்பு. அன்னபேதியில் இருப்பது இரும்பு. இரண்டும் சேர்ந்தால் கருப்பு. துவர்ப்புள்ள மரத்தில் இரும்பு ஆணி அடித்து, அதில் ஈரமும் பட்டால் அதே மை மரத்துக்குள்ளேயே உண்டாகிறது. புளி மூட்டையும், உப்பு மூட்டையும் வைத்த தட்டுகளில் ஆணி இன்னும் விரைவாகத் துருப்பிடிப்பதால், அங்கே கருமை கூடுதலாக இருக்கும்.

மூன்றாவது, பழைய சாயம். சாதாரண மரத்தை ஈட்டி மரம்போலக் காட்டுவதற்கு அந்நாளில் செஞ்சாயப் பொடி கலந்து பாலிஷ் போடுவது வழக்கம். அந்தச் சாயம் பெயிண்டில் உள்ள தின்னரில் கரைந்து மேலே வரும். வெள்ளை அடித்த அலமாரி ரோஜா நிறமாக மாறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நான்காவது, எண்ணெயும் மஞ்சளும். மளிகைக் கடைக்கே உரிய கறை இது. நல்லெண்ணெய் டின் வைத்து வைத்து ஊறிய தட்டில் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. சில நாளில் மீன் செதில்போல உரிந்துவிடும். மஞ்சள் தூள் கறை தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். சோடா போட்டுக் கழுவினால் அது சிவக்கும். பயப்பட வேண்டாம், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. மஞ்சள் கறைக்கு நல்ல மருந்து வெயில். இழுப்பறைகளை நான்கைந்து நாள் நேர்வெயிலில் திறந்து வைத்தாலே நிறம் பெரிதும் வெளுத்துவிடும்.

ஐந்தாவது, கள்ளிப்பெட்டிப் பலகையின் கணுக்கள். பைன் வகை மரங்களின் கணுவில் பிசின் இருக்கும். வெயிலோ, விளக்குச் சூடோ பட்டால் அது இளகி, பெயிண்டின் மேல் வட்ட வட்டமாக மஞ்சள் பூக்கும்.

ஆறாவது, தார். கரையானுக்குப் பயந்து அலமாரியின் காலிலும் முதுகிலும் தார் பூசி வைத்திருப்பார்கள். எண்ணெய் பெயிண்ட் அதன் மேல் பட்டால் தார் கரைந்து பழுப்பாக மேலே வரும்.

பஞ்சுச் சோதனை

எந்த வகை என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூன்று துண்டு வெள்ளைப் பஞ்சு போதும். ஒன்றைத் தண்ணீரிலும், ஒன்றை டர்பெண்டைனிலும், ஒன்றை ஸ்பிரிட்டிலும் நனைத்து, அலமாரியின் மறைவான மூலையில் தனித்தனியாக ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.

தண்ணீர்ப் பஞ்சு பழுப்பானால் துவர்ப்புச் சத்து அல்லது வெள்ளக் கறை. டர்பெண்டைன் பஞ்சில் கறை ஏறினால் எண்ணெய், தார் அல்லது பிசின். ஸ்பிரிட் பஞ்சு செந்நிறமானால் பழைய சாயம். ஸ்பிரிட் பட்ட இடம் பிசுபிசுவென்று இளகினால், அதன் மேல் இருப்பது பழைய அரக்கு பாலிஷ் என்று பொருள். இச்சோதனை வெற்று மரத்துக்கும் பாலிஷ் போட்ட மரத்துக்கும் மட்டுமே. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த அலமாரியானால், கறை எழுந்திருக்கும் நிறத்தையும் இடத்தையும் வைத்தே முடிவு செய்யலாம்.

சுரண்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

இனிச் சொல்லப்போவது மிக முக்கியம். மஞ்சள் தூளுக்கு நிறம் ஏற்றக் கலப்படக்காரர்கள் ஈயக் குரோமேட்டைச் சேர்ப்பார்கள் என்பதும், அது எவ்வளவு கெடுதல் என்பதும் மளிகை வியாபாரத்தில் இருக்கும் நமக்குத் தெரியும். அதே ஈயக் குரோமேட்தான் பழைய மஞ்சள், பச்சை, ஆரஞ்சு எனாமல் பெயிண்டுகளுக்கு நிறம் கொடுத்து வந்தது. வேறு ஈயக் கலவைகள் வெள்ளைக்கும், பெயிண்ட் விரைவாகக் காய்வதற்கும் பயன்பட்டன. வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்தது. அவை 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

ஆகவே 2017-க்கு முன் பெயிண்ட் அடித்த எந்த அலமாரியிலும் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. உப்புத்தாளை உலர்வாகப் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி கடை முழுவதும் பரவும். மூட்டை வாயிலும், தராசுத் தட்டிலும், பில் போடும் பையனின் மூச்சிலும் அது போய்ச் சேரும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டில் தவழும் குழந்தை என்று இருக்கும் நம் குடும்பங்களில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். பெயிண்ட் உரியாமல் கெட்டியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். சோப்பு நீரில் கழுவி, ஈரம் தோய்த்த நீர்த்தாளால் மினுமினுப்பை மட்டும் மங்கவைத்து, அதன் மேலேயே தடுப்புப் பூச்சு கொடுக்கலாம். உரிந்த இடங்களைத் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே தேய்க்க வேண்டும். தீச்சுடர் காட்டிப் பெயிண்டை எரித்து எடுப்பது கூடவே கூடாது. அந்தப் புகையிலும் ஈயம் இருக்கும். வேலையைக் கடைக்கு வெளியே, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் செய்ய வேண்டும். விழுந்த செதிலைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, விரிப்போடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வேலை செய்பவர் முகக்கவசம் அணிவதும், கை கழுவாமல் டீ, பலகாரம் தொடாமல் இருப்பதும் அவசியம். புதிதாக வாங்கும் டப்பாவின் மீது ஈய அளவு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குறிப்பும், தயாரித்தவர் முகவரியும் இல்லாத டப்பா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கடைக்குள் வேண்டாம்.

அரக்கு எனும் காவல்

கறையை அடியிலேயே நிறுத்துவதற்கு நம் நாட்டிலேயே விளையும் பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் இது. நம் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் புரச மரமும் இதில் ஒன்று என்பது சென்னைவாசிகளுக்குச் சுவையான செய்தி. உலகில் அரக்கு அதிகம் விளையும் நாடு இந்தியா. அதிலும் ஜார்க்கண்ட் மாநிலம் முன்னிலை வகிக்கிறது. ராஞ்சி அருகே நாம்கும் என்ற ஊரில் 1924-ல் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. பெயர் மாறினாலும் இன்றும் அது இயங்குகிறது. பழைய 78 சுற்று இசைத்தட்டுகளும், தபால் பைகளின் முத்திரையும் அரக்கால் ஆனவை. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் பளபளப்பு ஏற்றவும் சுத்திகரித்த அரக்கு இன்றும் பயன்படுகிறது.

அரக்கு ஏன் கறையைத் தடுக்கிறது? அது தண்ணீரில் கரையாது, டர்பெண்டைனிலும் கரையாது, ஸ்பிரிட்டில் மட்டுமே கரையும். ஆகவே மரத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவில் அரக்குப் படலம் ஒன்று இருந்தால், மேலே அடிப்பது தண்ணீர் பெயிண்டானாலும், எண்ணெய் பெயிண்டானாலும் அது கீழே இறங்கிக் கறையைக் கரைக்க முடியாது. கறையும் மேலே வர முடியாது. மளிகைக் கடைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பெருங்காயம் வைத்த இழுப்பறையில் ஊறிய மணத்தையும் அரக்கு பெரிதும் அடக்கிவிடும்.

கடைகளில் அரக்கு மெல்லிய செதிலாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் போட்டு, கண்ணாடிச் சாடியில் மூடி ஓர் இரவு வைத்தால் கரைந்துவிடும். இரும்பு டப்பாவில் வைத்தால் கலவை கருத்துப் போகும். துணியில் வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும். கரைத்த அரக்கை மாதக்கணக்கில் வைத்திருந்தால் அது சரியாகக் காயாது. வேண்டிய அளவுக்கு மட்டும் கரைப்பதே சிக்கனம். மெழுகு நீக்கிய செதில் கிடைத்தால், குறிப்பாகத் தண்ணீர் பெயிண்டுக்கு அடியில், அதையே வாங்குங்கள். மேற்பூச்சு நன்றாகப் பிடிக்கும். கரைக்கும் சிரமம் வேண்டாம் என்பவர்களுக்குக் கறை தடுப்பதற்கென்றே தயார் நிலையில் விற்கும் பிரைமர்களும் உண்டு. தார் பூசிய பகுதிக்கு அலுமினியம் பிரைமர் நல்ல தடுப்பு என்பது பெயிண்டர்கள் வெகு காலமாகக் கண்ட வழி.

ஸ்பிரிட் விஷயத்தில் எச்சரிக்கை

பாலிஷ் வேலைக்கு விற்கும் ஸ்பிரிட் குடிப்பதற்கு ஆகாதபடி நஞ்சு கலந்தது. மெத்தனால் கலந்த சாராயத்தால் 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் மாண்டதை நாடே அறியும். எனவே ஸ்பிரிட்டை உரிமம் பெற்ற கடையில், பில்லுடன், வேலைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்க வேண்டும். தண்ணீர் பாட்டிலிலோ, எண்ணெய் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் மீதியைக் கடைக்குள் வைத்திருக்கக் கூடாது. பாரதத்தில் வரும் அரக்கு மாளிகை எதற்காகக் கட்டப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், அரக்கும் ஸ்பிரிட்டும் இருக்கும் இடத்தில் சாமி விளக்கும், ஊதுவத்தியும், பீடியும் கூடாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

வேலை வரிசை

முதல் நாள் அலமாரியைக் காலி செய்து வெளியே எடுத்து, சுவரை ஒட்டிய முதுகுப் பலகையைப் பாருங்கள். சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். ஈரம் வந்துகொண்டே இருக்கும் மரத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. பிறகு சலவை சோடா கரைத்த வெந்நீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, நல்ல தண்ணீரில் இருமுறை அலம்புங்கள். சோடா தங்கினால் அது அரக்கைக் கரைத்துவிடும். வெயிலில் மூன்று, நான்கு நாள் காயட்டும். எண்ணெய் ஆழமாக ஊறிய தட்டை டர்பெண்டைன் துணியால் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். அப்படியும் பிசுக்கு விடாத பலகையை மாற்றிவிடுவதே லாபம்.

அடுத்து, துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கிப் பித்தளைத் திருகாணி போடுங்கள். பிடுங்க முடியாத ஆணித் தலையை உள்ளே தட்டி, அதன் மேல் அரக்கு தொட்டு வைத்து, பிறகு பட்டி பார்க்கலாம். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் கருங்கறை மிகுந்திருந்தால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கும். ஆனால் அது விஷம். கையுறை போட்டு, வெளியில் வைத்துச் செய்து, பல தடவை தண்ணீரில் கழுவி எடுக்க வேண்டும். உணவுப் பொருள் படும் உட்பகுதிகளில் இதைத் தவிர்ப்பது நல்லது.

மரம் நன்றாகக் காய்ந்த பின் அரக்கை மெல்லிய கையாக ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப இழுக்கக் கூடாது. பழைய செஞ்சாயமும் மஞ்சள் கறையும் ஸ்பிரிட்டில் கரைவதால், தேய்த்தால் சாயம் அரக்கோடு கலந்து பரவிவிடும். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாம் கை. சாயம் அதிகமிருந்தால் மூன்றாம் கை. கணுக்களுக்குத் தனியாக ஒரு தொடுப்பு. பிறகு மெல்லிய உப்புத்தாளால் லேசாக ஒரு தடவு.

இப்போதும் அவசரப்பட வேண்டாம். கறை மிகுந்த இடத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் வெள்ளை அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். கறை எழவில்லை என்றால் முழு அலமாரிக்கும் பெயிண்ட் அடிக்கலாம். எழுந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு கை அரக்கு கொடுத்து மறுபடி பார்க்கலாம். இந்த இரண்டு நாள் பொறுமைதான் இரண்டாம் தடவைக் கூலியை மிச்சப்படுத்துவது.

மழை ஈரம் நிறைந்த நாளில் அரக்கு அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடும். ஆயுத பூசை பெரும்பாலும் பருவமழையின் வாசலில் வருகிறது. பூசைக்குப் பத்து நாள் முன்பு தொடங்குவதைவிட, தை பிறந்த பிறகு பங்குனி, சித்திரைக்குள் இந்த வேலையை முடிப்பது நல்லது. அந்த மாதங்களில் ஈரம் குறைவு. மரமும் ஒழுங்காகக் காயும்.

உள்ளறைக்கு எனாமல் வேண்டாம்

பருப்பும், மிளகும், சீரகமும் நேராகக் கொட்டி வைக்கும் இழுப்பறையின் உட்புறத்துக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பது சரியல்ல. அள்ளும் கரண்டி பட்டுப் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்து சரக்கோடு போகும். உணவுப் பொருளைத் தொடும் பாத்திரமும் சாதனமும் துருப்பிடிக்காததாகவும், பொருளில் நஞ்சேற்றாததாகவும் இருக்க வேண்டும் என்பதே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த உரிம விதிகளின் நான்காம் அட்டவணை சொல்வது. அந்த இழுப்பறைகளைக் கழுவிக் காயவைத்து, அளவாக எவர்சில்வர் தட்டோ, டப்பாவோ செய்து உள்ளே இறக்கிவிடலாம். பழைய பெயிண்ட் உள்ளேயே இருந்தால் இது மேலும் அவசியம்.

வர்ணம் அடிக்காமலே விடலாமா?

இந்தக் கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அடியில் இருப்பது நல்ல தேக்கோ, ஈட்டியோ என்றால், அதை வெள்ளைக்குள் மறைப்பதைவிடப் பாலிஷ் போட்டு மரத்தின் நிறத்திலேயே விடுவது மேல். அப்போது கறை எழும் பேச்சே இல்லை. பழைய அலமாரி நிறம் மங்கிவிட்டது என்று எடைக்கு எடை போட்டு விற்றுவிடுகிறோம். வாங்கிப் போனவர் அதைத் துடைத்துப் பாலிஷ் ஏற்றிப் பழங்காலப் பொருள் என்று பல மடங்கு விலைக்கு விற்கிறார். அவர் செய்யும் வேலை மேலே சொன்ன வேலையைவிடப் பெரியதொன்றும் அன்று.

கள்ளிப்பெட்டிப் பலகையும், பல மரம் கலந்த தட்டும் என்றால் பெயிண்ட் அடிப்பதில் தவறில்லை. காரணம் அறிந்து, ஈரம் போக்கி, அரக்கால் அடைத்து, சோதித்துப் பார்த்து அடிக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது. வணிக நண்பர்கள் தம் பெயிண்டரிடம் வேலை பேசும்போது, “எத்தனை கை?” என்று கேட்பதற்கு முன், “அடியில் என்ன பூசப் போகிறீர்கள்? பழைய பெயிண்டை எங்கே வைத்துத் தேய்க்கப் போகிறீர்கள்?” என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் முன்பணம் கொடுங்கள்.